புற ஊதா விண்வெளித் தொலைநோக்கியை வடிவமைப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

விண்வெளித் தொலைநோக்கி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "ஆடி எவ்வளவு பெரியது?" என்றுதான். புற ஊதாவில் அந்தக் கேள்விக்கான விடையைக் கடைசியில் சொன்னால் போதும். உள்ளே வரும் ஒளி எத்தனை பரப்புகளில் பட்டு உணரியை அடைகிறது, அந்தப் பரப்புகளில் என்ன பூச்சு இருக்கிறது, அவை எவ்வளவு சுத்தமாக இருக்கின்றன: இந்த மூன்றும் சரியில்லாவிட்டால் பெரிய ஆடி வெறும் சுமை. கீழே உள்ள படிகள் அந்த நோக்கில் வரிசைப்படுத்தப்பட்டவை. கல்லூரி அளவு இயற்பியல் தெரிந்து, 30 முதல் 100 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு தொலைநோக்கியைத் தாளில் வடிவமைத்துப் பார்க்க விரும்புபவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: கேள்வியை முடிவு செய்யுங்கள், அலைநீளம் தானாக வரும்

சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை ஓசோன் விழுங்கிவிடுகிறது. 200-க்குக் கீழே போனால் ஆக்சிஜன் மூலக்கூறே தடுத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் 205 நானோமீட்டர் அருகே ஒரு சிறிய சன்னல் இருக்கிறது. உயரப் பறக்கும் பலூனிலிருந்து அதன் வழியாக வானத்தைப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சன்னல் உங்களுக்குப் போதுமென்றால் ராக்கெட் செலவே வேண்டாம், அதை முதலில் யோசித்துவிடுங்கள்.

கீழ் எல்லையை இயற்கையே போட்டு வைத்திருக்கிறது. 91.2 நானோமீட்டருக்குக் கீழே விண்மீன்களுக்கிடையே உள்ள நடுநிலை ஹைட்ரஜன் ஒளியை உறிஞ்சிவிடும். ஆக, நமக்குக் கிடைப்பது 91 முதல் 300 வரை. அதை மூன்று துண்டுகளாகப் பார்ப்பது நல்லது. 200–300 எளிது. 115–200 கடினம், ஆனால் வழி நன்றாகத் தெரிந்தது. 91–115 துண்டில் கை வைத்தால் பூச்சு, உணரி, சோதனை எல்லாமே மாறிவிடும். 103.2, 103.8 நானோமீட்டரில் உள்ள ஆக்சிஜன் கோடுகளோ ஹைட்ரஜன் மூலக்கூறோ உங்கள் கேள்வியின் மையமாக இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி மாறினால் தொலைநோக்கி எப்படி மாறுகிறது என்பதற்கு ஏற்கெனவே பறந்தவையே சாட்சி. விண்மீன் மண்டலங்களில் புது விண்மீன்கள் பிறக்கும் வேகத்தை வானம் முழுக்க அளக்க வந்த நாசாவின் கேலெக்ஸ் தொலைநோக்கி (2003) 50 சென்டிமீட்டர் ஆடியும் 1.2 பாகை அகலப் புலமும் வைத்துக்கொண்டது. படக்கூர்மை 4–5 ஆர்க்செகண்ட் போதும் என்று விட்டுவிட்டது. ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு. இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் 2015-இல் சென்ற யூவிஐடி தொலைநோக்கி, நெருக்கமான கொத்துகளில் தனித்தனி வெப்ப விண்மீன்களைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் 38 சென்டிமீட்டர் ஆடிகள் இரண்டு, புலம் அரைப் பாகைக்கும் சற்றுக் குறைவு, கூர்மை சுமார் 1.5 ஆர்க்செகண்ட். வெடிக்கும் விண்மீன்களின் முதல் மணிநேரங்களைப் பிடிக்கத் திட்டமிடப்பட்டுள்ள அல்ட்ராசாட், 33 சென்டிமீட்டர் துளையோடு ஒரே பார்வையில் சுமார் 200 சதுரப் பாகையைப் பார்க்கும். விட்டத்தில் கேலெக்ஸைவிடச் சிறியது, வேலையில் அது வேறு இனம்.

ஒரு பக்கத்தில் ஐந்து எண்களை எழுதி வையுங்கள்: அலைநீள எல்லை, படக்கூர்மை அல்லது நிறமாலைப் பிரிதிறன், புல அகலம், மிக மங்கலான இலக்கு, மிகப் பிரகாசமான இலக்கு. கடைசி எண்ணை எழுத மறப்பவர்கள் அதிகம். அது ஏன் முக்கியம் என்று படி 4-இல் தெரியும்.

படி 2: ஃபோட்டான் கணக்கு

பொலிவெண் என்பது பிரகாசத்தின் அளவு, எண் கூடக் கூட மங்கல். பொலிவெண் 0 உள்ள மூலத்திலிருந்து (வானியலாளர்கள் பயன்படுத்தும் ஏபி அளவுகோலில்) ஒரு சதுர சென்டிமீட்டரில் நொடிக்கு ஏறத்தாழ 55 லட்சம் ஃபோட்டான்கள் வருகின்றன. அந்த எண்ணைப் பட்டை அகலத்துக்கும் அலைநீளத்துக்கும் உள்ள விகிதத்தால் பெருக்க வேண்டும். நம் இலக்கு பொலிவெண் 20 என்றால் அதில் 10 கோடியில் ஒரு பங்குதான் வரும். 200 நானோமீட்டரில் 50 நானோமீட்டர் அகலப் பட்டை எடுத்தால் விகிதம் 0.25. சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு சுமார் 0.014 ஃபோட்டான்.

40 சென்டிமீட்டர் ஆடியின் பரப்பு 1257 சதுர சென்டிமீட்டர். துணை ஆடியும் அதைத் தாங்கும் கம்பிகளும் மறைப்பது போக 1000 மிஞ்சும். நொடிக்கு 14 ஃபோட்டான்கள் உள்ளே வருகின்றன. இரண்டு ஆடிகளும் 80 விழுக்காடு எதிரொளித்தால் 0.64. வடிகட்டிக்கு 0.7. உணரி 15 விழுக்காட்டைப் பிடித்தால் 0.15. எல்லாவற்றையும் பெருக்கினால் நொடிக்கு 0.9 எண்ணிக்கை. உள்ளே வந்த 14-இல் 13 வழியிலேயே போய்விட்டது.

பொலிவெண் 25 உள்ள இலக்குக்கு இது மேலும் 100 மடங்கு குறையும். 10-க்கு 1 என்ற துல்லியத்துக்கு 100 எண்ணிக்கை வேண்டும், அதாவது சுமார் 3 மணி நேரம். பூமிக்கு அருகே சுற்றும் கலத்தில் ஒரு சுற்றுக்குப் பயன்படும் இருட்டு அரை மணி நேரம்தான் என்று வைத்தால், ஒரே இலக்குக்கு ஆறேழு சுற்றுகள்.

இப்போது இந்தக் கணக்கை வைத்து ஒரு விளையாட்டு. மடிப்பதற்கு வசதி என்று மூன்றாவதாக ஒரு ஆடியைச் சேர்த்துப் பாருங்கள். 0.64 என்பது 0.51 ஆகிவிடும். அந்த இழப்பை ஈடுகட்ட 40 சென்டிமீட்டர் ஆடியை 45 ஆக்க வேண்டும். மறுபக்கம், உணரியின் திறனை 10-லிருந்து 20 விழுக்காட்டுக்கு உயர்த்தினால், 40 சென்டிமீட்டர் ஆடி 56 சென்டிமீட்டர் ஆடியின் வேலையைச் செய்யும். கிலோ கணக்கில் எடை கூட்டாமல் கிடைக்கும் லாபம் இது. பரப்புகளைக் குறைப்பதும் உணரியை மேம்படுத்துவதும்தான் இந்தத் துறையில் மலிவான வழிகள்.

படி 3: பூச்சு

200 நானோமீட்டருக்குக் கீழே வெள்ளியும் தங்கமும் நல்ல எதிரொளிப்பான்கள் அல்ல. அலுமினியம் ஒன்றே எஞ்சுகிறது. அதற்கும் ஒரு கெட்ட குணம் உண்டு: காற்றுப் பட்டவுடனே மேலே ஆக்சைடு படலம் போட்டுக்கொள்ளும், அந்தப் படலம் தொலைதூரப் புற ஊதாவை (சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதை) உறிஞ்சும். அதனால் வெற்றிடக் கலத்தில் அலுமினியம் படிந்த கையோடு, கலத்தைத் திறக்காமலே அதன் மேல் காப்புப் படலம் ஏற்றுகிறார்கள்.

எந்தப் படலம் என்பதை உங்கள் கீழ் அலைநீளம் முடிவு செய்யும். சுமார் 25 நானோமீட்டர் தடிமனில் மெக்னீசியம் ஃபுளோரைடு என்றால் 115 வரை நன்றாகப் போகும். ஹப்பிளின் ஆடியில் இருப்பது இதுதான். உறுதியானது, சுத்தம் செய்யும் இடங்களிலும் சேமிப்பிலும் பொறுமையாக இருக்கும். லித்தியம் ஃபுளோரைடு 102 நானோமீட்டர் வரை இறங்கும், ஆனால் ஈரத்தைக் குடிக்கும். ஆடி செய்த நாளிலிருந்து ஏவும் நாள் வரை உலர்ந்த நைட்ரஜனில் வைத்திருக்க வேண்டும். அதற்கும் கீழே சிலிக்கான் கார்பைடு. எதிரொளிப்பு பாதிக்கும் குறைவு, ஆனாலும் 91 வரை வேலை செய்யும். 1999-இல் சென்ற ஃபியூஸ் தொலைநோக்கி தன் நான்கு ஆடிகளில் இரண்டுக்கு லித்தியம் ஃபுளோரைடும் இரண்டுக்கு சிலிக்கான் கார்பைடும் பூசிக்கொண்டது. ஒரே பூச்சில் எல்லாம் கிடைக்காது என்று ஒப்புக்கொண்ட வடிவமைப்பு அது. எனக்கு அதில் மரியாதை அதிகம்.

படி 4: உணரி

விண்மீன்கள் பலவும், குறிப்பாகச் சூரியனைப் போன்றவை, தொலைதூரப் புற ஊதாவில் தரும் ஒரு ஃபோட்டானுக்குக் கண்ணுறு ஒளியில் பல ஆயிரம் தருகின்றன. உங்கள் உணரி இரண்டையும் பார்க்குமானால், படத்தில் பதிவது பெரும்பாலும் கண்ணுறு ஒளியாகவே இருக்கும். இதற்குச் 'சிவப்புக் கசிவு' என்று பெயர். உணரியைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி இதைப் பற்றியதாக இருக்கட்டும்.

பழைய, நம்பகமான வழி மைக்ரோசேனல் பிளேட். முன்னால் ஒளி எதிர்மின்வாய். அதில் ஃபோட்டான் பட்டு ஒரு எலக்ட்ரான் கிளம்பும். தட்டின் நுண்துளைகளில் அது பல லட்சமாகப் பெருகும். பின்னால் அந்தத் துடிப்பைப் பதிவு செய்தால் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் இடமும் நேரமும் கிடைக்கும். சீசியம் அயோடைடு பூசினால் தொலைதூரப் புற ஊதாவுக்கு மட்டும் கண் திறக்கும். சீசியம் டெலுரைடு பூசினால் 300 சொச்சம் வரை பார்க்கும். இரண்டுமே கண்ணுறு ஒளிக்குக் கிட்டத்தட்டக் குருடு. உணரியிலிருந்து தரவைப் படித்தெடுக்கும் மின்சுற்று சேர்க்கும் இரைச்சல் இல்லை, உறைய வைக்க வேண்டிய தேவையும் இல்லை. திறன் குறைவு என்பதும், பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் வேண்டும் என்பதும் குறைகள்.

படி 1-இல் எழுதிய ஐந்தாவது எண் இங்கேதான் கேள்வி கேட்கும். பிரகாசமான விண்மீன் ஒன்று புலத்துக்குள் வந்துவிட்டால் தட்டின் அந்த இடம் நிரந்தரமாகப் பாழாகலாம். கேலெக்ஸ் தன் முதன்மைப் பணிக்காலம் முழுவதும் பால்வெளித் தளத்தை ஒதுக்கி வைத்ததற்குக் காரணம் இதுதான். சேதம் வராத பிரகாசத்திலும் எண்ணிக்கை பொய் சொல்லும். நொடிக்கு 29 சட்டகம் எடுக்கும் உணரியில், ஒரே சட்டகத்தில் ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான் விழுந்தால் அது ஒன்றாகத்தான் பதிவாகும். நொடிக்குப் பத்து இருபது எண்ணிக்கை தரும் விண்மீனுக்கே திருத்தம் போட வேண்டியிருக்கும்.

மற்ற வழி சிலிக்கான். பின்புறம் மெலிதாக்கி, மேற்பரப்பைச் சிறப்பாகப் பதப்படுத்திய சிசிடி (CCD) அல்லது சிமாஸ் (CMOS) கேமராச் சில்லு. திறன் அதிகம், பெரிய பரப்புகள் கிடைக்கும், பிரகாசத்துக்கு அஞ்சாது. அகலப் புல வடிவமைப்புகள் இப்போது இந்தப் பக்கம் சாய்கின்றன. ஆனால் சிவப்புக் கசிவைத் தடுக்கும் பொறுப்பு முழுக்க வடிகட்டி மேல் விழும். குளிர வைக்கவும் வேண்டும், குளிர்ந்த பரப்பு மாசுகளை இழுக்கும். 200-க்கு மேல் மட்டும் வேலை என்றால் சிலிக்கானை எடுங்கள். 180-க்குக் கீழே மங்கலானவற்றைத் தேடுகிறீர்கள் என்றால் இன்றும் என் வாக்கு மைக்ரோசேனல் பிளேட்டுக்குத்தான்.

படி 5: வடிகட்டியும் சன்னலும்

இங்கே ஒளிபுகும் பொருள்களே வடிகட்டியாகிவிடும். ஒவ்வொரு படிகமும் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்துக்குக் கீழே இருட்டு: மெக்னீசியம் ஃபுளோரைடு சுமார் 115, கால்சியம் ஃபுளோரைடு 125, பேரியம் ஃபுளோரைடு 135, நீலக்கல் 145, உருக்கிய சிலிக்கா 160. யூவிஐடியின் தொலைதூரப் புற ஊதா வடிகட்டிகள் இந்தப் பட்டியலிலிருந்துதான் வந்தன.

பூமியைச் சுற்றியுள்ள ஹைட்ரஜன் உறை 121.6 நானோமீட்டரிலும், மேல் வளிமண்டல ஆக்சிஜன் 130.4-இலும் ஒளிர்ந்துகொண்டே இருக்கின்றன. தாழ்ந்த சுற்றுப்பாதையில் படம் எடுக்கும் கருவிக்கு இதுதான் பெரிய பின்னணி ஒளி. பேரியம் ஃபுளோரைடு இரண்டையும் வெட்டிவிடும். கால்சியம் ஃபுளோரைடு முதலாவதை மட்டும் வெட்டும். சுமார் 105-க்குக் கீழே போகிறவர்களுக்கு உணரியை மூடும் சன்னலே கிடையாது. உணரியைத் திறந்த வெற்றிடத்தில் வைக்க வேண்டும்.

படி 6: ஒளியியல் அமைப்பு, ஆடியின் விட்டம்

படம் எடுக்க ரிச்சி-கிரெட்டியன் வகையின் இரண்டு ஆடிகள் போதும். மிக அகலமான புலத்துக்கு ஷ்மிட் வகை. நிறமாலைமானி என்றால் ஒரே கீற்றணி மூன்று வேலை செய்யட்டும். ஹப்பிளில் 2009-இல் பொருத்திய காஸ் (COS) நிறமாலைமானியின் தொலைதூரப் புற ஊதாத் தடத்தில், ஹப்பிளின் ஆடிகளுக்குப் பிறகு ஒளி படுவது ஒரே ஒரு பரப்பில். ஒளியைப் பிரிப்பதும், குவிப்பதும், ஹப்பிளின் பிரபலமான கோளப் பிறழ்ச்சியைத் திருத்துவதும் அந்த ஒரு கீற்றணியேதான். மங்கலான குவேசார்களின் நிறமாலையை அது எடுக்க முடிந்ததற்கு இது முக்கியக் காரணம்.

பளபளப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆடிப் பரப்பின் நுண்சொரசொரப்பால் சிதறும் ஒளி, அலைநீளத்தின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் கூடும். 3 நானோமீட்டர் சொரசொரப்புள்ள ஆடி, 600 நானோமீட்டர் ஒளியில் 0.4 விழுக்காட்டைச் சிதறடிக்கும். அதே ஆடி 150 நானோமீட்டரில் 6 விழுக்காட்டுக்கு மேல். 1 நானோமீட்டராக்கினால் 0.7 விழுக்காட்டில் நிற்கும். கண்ணுறு ஒளிக்கு நல்ல பெயர் வாங்கிய ஆடி இங்கே தேறாமல் போகலாம்.

இப்போதுதான் விட்டம். படி 2-இன் கணக்கை உண்மையான பூச்சு, உணரி, வடிகட்டி எண்களோடு மறுபடி போடுங்கள். கூர்மையை வைத்து விட்டத்தை முடிவு செய்ய வேண்டிய தேவை சிறிய தொலைநோக்கிகளில் வருவதில்லை. 40 சென்டிமீட்டர் ஆடியின் விளிம்பு விளைவு எல்லை 200 நானோமீட்டரில் 0.13 ஆர்க்செகண்ட். அதை எட்டுவதற்கு முன் உணரியும் கலத்தின் ஆட்டமும் உங்களை நிறுத்திவிடும். எனவே ஃபோட்டான் எண்ணிக்கைக்குத் தேவையான விட்டத்தை எடுத்துக்கொண்டு நகருங்கள்.

படி 7: உடல்

40 சென்டிமீட்டர் முதன்மை ஆடி எஃப்/4 (குவியத் தூரம் விட்டத்தைப் போல 4 மடங்கு), முழு அமைப்பு எஃப்/12 என்று கொள்வோம். குவியத்தில் 0.3 ஆர்க்செகண்ட் மங்கல் வரை பொறுக்கலாம் என்றால், இரண்டு ஆடிகளுக்கும் இடையிலான தூரம் சுமார் 8 மைக்ரோமீட்டருக்கு மேல் மாறக் கூடாது. ஒரு மீட்டர் அலுமினியக் குழாய் 1 டிகிரி செல்சியஸுக்கே 23 மைக்ரோமீட்டர் நீளும். இன்வார் என்ற உலோகக் கலவை ஒன்றேகால் மைக்ரோமீட்டர்தான். கார்பன் இழை இன்வாரைவிட லேசானது, ஆனால் தரையில் ஈரம் குடித்து வெற்றிடத்தில் அதை விட்டுச் சுருங்கும். அதன் பிசினிலிருந்து வரும் ஆவி வேறு. ஆடிக்கு ஜெரோடூர் போன்ற விரியாக் கண்ணாடி, சுற்றிலும் சூடேற்றிகள், துணை ஆடியை நகர்த்த ஒரு சிறு பொறி. இவ்வளவு இருந்தால் போதும்.

படி 8: குறி தவறாமை

அரை மணி நேரம் ஒரு கலத்தை ஆர்க்செகண்டுக்குள் அசையாமல் பிடிப்பது செலவான வேலை. ஃபோட்டான் எண்ணும் உணரி வைத்திருப்பவருக்கு ஒரு குறுக்குவழி உண்டு: கலம் ஆடட்டும், ஒவ்வொரு ஃபோட்டானின் நேரத்தையும் இடத்தையும் பதிந்துகொண்டு, ஆட்டத்தைத் தரையில் கழித்துக்கொள்ளலாம். யூவிஐடி தன் கண்ணுறு ஒளித் தடத்தை இதற்கென்றே வைத்திருக்கிறது. சிலிக்கான் உணரியில் நீண்ட வெளிப்பாடு எடுப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. கலத்தைத் திருப்பிக் குறியில் நிறுத்தும் எதிர்வினைச் சக்கரங்களில் தேவைக்கு மேல் ஒன்றாவது வையுங்கள். ஃபியூஸ் 2001-இல் சக்கரங்களை இழந்து, காந்தச் சுருள்களின் உதவியோடு தப்பித்தது. 2007-இல் கடைசிச் சக்கரமும் நின்றதும் அதன் பணி முடிந்துபோனது.

படி 9: சுற்றுப்பாதை

600–650 கிலோமீட்டர் உயரம், நிலநடுக்கோட்டை ஒட்டிய சாய்வு என்பது மலிவான நல்ல தேர்வு. தென் அட்லாண்டிக் கதிர்வீச்சுப் பகுதியை அதிகம் தொடாது. அணு ஆக்சிஜன் பூச்சை அரிக்கும் அளவும் தாழ்ந்த பாதைகளைவிடக் குறைவு. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வரும். 36,000 கிலோமீட்டரில் புவி ஒத்தியங்கு பாதை என்றால் நாள் முழுக்கத் தொடர்பு இருக்கும். 1978 முதல் 1996 வரை வேலை செய்த ஐயூஇ புற ஊதாத் தொலைநோக்கி அங்கிருந்துதான் இயங்கியது. வானியலாளர்கள் தரையிலுள்ள தொலைநோக்கியைப் போல உடனுக்குடன் அதை இயக்கினார்கள். திடீர் நிகழ்வுகளைத் துரத்தும் திட்டத்துக்கு அது பொருந்தும். கதிர்வீச்சுக்குத் தடித்த கவசம் வேண்டும். சூரியனுக்கு எதிர்த் திசையில் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றும் எல்2 புள்ளி வெப்பநிலைக்கும் இருட்டுக்கும் அருமையானது, சிறிய திட்டத்துக்கு ஆடம்பரம்.

படி 10: சுத்தம்

மற்ற படிகளில் தவறினால் தரம் குறையும். இதில் தவறினால் தொலைநோக்கியே குருடாகிவிடும். பசை, கம்பி உறை, வண்ணப்பூச்சு, மசகு என்று கலத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் வெற்றிடத்தில் ஆவி விடும். அந்த ஹைட்ரோகார்பன்களும் சிலிக்கோன்களும் ஆடியில் படிந்து, சூரியப் புற ஊதா பட்டதும் அங்கேயே பலபடியாக இறுகிவிடும். அடுப்படிச் சன்னல் கம்பியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி, பிறகு போகாது. சில நானோமீட்டர் தடிமன் போதும். ஒவ்வொரு ஆடியிலும் ஒளி அந்தப் படலத்தை இரண்டு முறை கடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

செய்ய வேண்டியவை: பொருள் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஆவி வெளியேற்றச் சோதனை முடிவு இருக்க வேண்டும். தெரியாத பசை ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது. ஒவ்வொரு பாகத்தையும் ஒளியியலோடு சேர்ப்பதற்கு முன் வெற்றிடத்தில் சூடேற்றி ஆவியை வெளியேற்றுங்கள். மின்னணுப் பெட்டிகளின் காற்றுத் துளைகள் தொலைநோக்கிக் குழாயின் பக்கம் திறக்கக் கூடாது, வரைபடத்திலேயே இதைப் பாருங்கள். கட்டும் காலம் முழுவதும், ராக்கெட்டின் உச்சியில் நிற்கும்போதும், உலர்ந்த நைட்ரஜன் குழாய்க்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஆடியின் அருகே சிறிய சாட்சி ஆடிகளை வைத்து, அவற்றின் எதிரொளிப்பை அளந்துகொண்டே வாருங்கள். உணரியைச் சுற்றி அதைவிடக் குளிர்ந்த ஒரு தகடு இருந்தால் மாசு அங்கே போய் ஒட்டும். ஹப்பிளின் இரண்டாவது அகலப் புலக் கேமராவில் குளிர்ந்த சன்னல்மேல் மாசு படிந்து புற ஊதாத் திறன் குறைந்துகொண்டே வந்ததால், மாதம் ஒருமுறை அதைச் சூடேற்றி விரட்ட வேண்டியிருந்தது.

படி 11: தரைச் சோதனை

200 நானோமீட்டருக்குக் கீழே எல்லாச் சோதனையும் வெற்றிடக் கலத்தில்தான், ஏனெனில் அறைக் காற்றே ஒளியை மறைத்துவிடும். டியூட்டிரியம் விளக்கும், அளவு திருத்திய ஒப்பீட்டு உணரியும் வேண்டும். சிவப்புக் கசிவைத் தனியாக அளக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். வடிகட்டியைக் கண்ணுறு ஒளியிலும் சோதிக்க வேண்டும் என்பது அட்டவணை நெருக்கும்போது முதலில் வெட்டுப்படும்.

ஆடியின் வடிவத்தைக் குறைந்தது இரண்டு தனித்தனி முறைகளில் அளக்க வேண்டும். ஹப்பிளின் ஆடி விளிம்பில் சுமார் 2 மைக்ரோமீட்டர் தட்டையாகிப் போனது ஒரு சோதனைக் கருவியின் பாகம் 1.3 மில்லிமீட்டர் இடம் மாறியிருந்ததால். வேறு சோதனைகள் பிழையைக் காட்டின. நுட்பமான கருவி சொல்வதே சரி என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு அளவீடுகள் முரண்பட்டால் வேலையை நிறுத்துவதற்கான அதிகாரம் யாருக்கு என்பதைத் திட்ட ஆவணத்தில் எழுதி வையுங்கள்.

படி 12: மேலே போன பிறகு

மூடியைத் திறக்க அவசரப்படாதீர்கள். கலம் ஆவி விட்டு அடங்கட்டும். யூவிஐடி சுமார் இரண்டு மாதம் காத்திருந்து திறந்தது. பிறகு உயர் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, முதலில் மங்கலான புலங்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு இலக்கையும், அதன் புலத்திலுள்ள எல்லா விண்மீன்களின் புற ஊதாப் பிரகாசத்தோடு முன்கூட்டியே சரிபார்க்கும் நிரல் தரையில் தயாராக இருக்க வேண்டும். அதையும் மீறினால் தானே மின்னழுத்தத்தை அணைக்கும் சுற்று கலத்திலும் இருக்க வேண்டும்.

அளவு திருத்தத்துக்கு வெண்குறுமீன்கள் நல்லவை. எச்இசட் 4, ஜிடி 153 போன்றவற்றின் நிறமாலை எளிமையானது, மாறாதது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சில மாதங்களுக்கு ஒருமுறை எல்லா வடிகட்டியிலும் திரும்பத் திரும்பப் பாருங்கள். எண்ணிக்கை குறையும்போது குறைவின் வடிவமே காரணத்தைச் சொல்லும். குறுகிய அலைநீளத்தில் அதிகமாகவும் நீண்டதில் குறைவாகவும் இறங்கினால் மாசு படிகிறது என்று சந்தேகியுங்கள். சூடேற்றிகளை இயக்கிப் பார்க்கலாம். உணரியில் அதிகம் ஒளி பட்ட இடங்களில் மட்டும் குறைந்தால் மைக்ரோசேனல் பிளேட் களைத்துவிட்டது. மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்துங்கள், அது போதாவிட்டால் காஸ் கருவியில் செய்வதுபோல நிறமாலை விழும் இடத்தையே உணரியின் புதிய பகுதிக்கு நகர்த்துங்கள். அதற்கான நகர்வு வசதியைப் படி 6-இலேயே வரைபடத்தில் வைத்திருக்க வேண்டும்.